இடது பக்கம் ஒன்றும் இல்லை

என் நெஞ்சில் ஐந்து அடையாளங்கள் இருந்தன. ஐந்தும் வலது பக்கம், ஐந்தும் மேலே. மூச்சுக்குழாய் நடுவில் நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வலது காறையெலும்புக்குக் கீழே ஒரு குழி. மூச்சை இழுத்தால் அந்த இடம் மட்டும் மற்ற இடங்களைப் போல எழும்பாது. விரலால் தட்டினால் மந்தமான சத்தம் வரும். குழாய் வைத்துக் கேட்டால் காலி பாட்டிலின் வாயில் ஊதியது போல இருக்கும் என்பார்கள். அதை மட்டும் நான் கேட்டதில்லை.

இவற்றை எந்த டாக்டரும் என்னை உட்காரவைத்துச் சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் என்னைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதைக் கேட்டுக் கற்றதுதான். ஆறு வருடங்களாக நான் ஒரு பரீட்சைக் கேஸ். கடைசி வருடப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும்போது, உடம்பில் தெளிவான அடையாளம் உள்ளவர்களைக் கல்லூரி தேடிப் பிடிக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு நோயாளி. அவர் யார், என்ன வியாதி என்று பிள்ளைக்குச் சொல்லமாட்டார்கள். விசாரித்து, உடம்பைச் சோதித்து, முறைப்படி எழுதி, பரீட்சகர்கள் முன்னால் சொல்ல வேண்டும். சரியான விடை ஒரு ஃபைலில் முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கும். எங்கள் ஊரில் தங்கச் சுரங்கத்தூசி தின்ற நெஞ்சுகள் நிறைய இருந்தன. இப்போது குறைந்துவிட்டன. அதனால் எனக்கு மதிப்பு. கல்லூரி வேன் கோரமண்டல் ஸ்டேஷன் வரை வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகும். மத்தியானம் சாப்பாடும் உண்டு.

போன வருடம் வரை ஒன்பது பரீட்சைகள், ஒவ்வொன்றிலும் ஒருவர் பின் ஒருவராக மூன்று நான்கு பேர், மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள். வார்டில் சும்மா கற்றுக்கொள்ள வந்து தட்டியவர்களை இதில் சேர்க்கவில்லை.

பிள்ளைகள் வராந்தாவில் நின்று முணுமுணுப்பதைக் கேட்டுக் கேட்டு வார்த்தைகள் எனக்கும் பாடமாகிவிட்டன. இன்ஸ்பெக்‌ஷன், பால்பேஷன், பெர்கஷன், ஆஸ்கல்டேஷன். பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது. இந்த வரிசை மாறக்கூடாது. ஒரு பையன் எடுத்த எடுப்பிலேயே குழாயை என் நெஞ்சில் வைத்துவிட்டான். பரீட்சகர் அவனிடமிருந்து குழாயை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு தொல்லை, வலது இடது. எதிரில் நிற்கிற பிள்ளைக்கு என் வலது அதன் இடது கைப்பக்கம் இருக்கும். புதிதாக வார்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் வாரம் மாற்றித்தான் எழுதுவார்கள். நெஞ்சுக்குள் குரல் எப்படி அதிர்கிறது என்று பார்க்க 'தொண்ணூத்தொம்போது' என்று சொல்லச் சொல்வார்கள். ஒரு பிள்ளைக்குப் பதினாறு இடத்தில் பதினாறு தடவை. நூறு என்று சொல்லி முடித்துவிடலாமா என்று ஒரு பெண்ணிடம் ஒருமுறை கேட்டேன். சிரிக்கவில்லை, பாவம், பயத்தில் இருந்தது அந்தப் பெண்.

எழுதுவதை நான் கவனிப்பேன். எழுதும் அட்டையைத் தொடையில் வைத்து எனக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதுவார்கள். தலைகீழாக வாசிப்பது எனக்குப் பழக்கம். சுரங்கத்தில் என் வேலை சாம்பிள் எடுப்பது. ஐந்தடிக்கு ஓர் இடமாகப் பாறையைக் குறுக்கே செதுக்கி, தூளைத் துணிப்பையில் போட்டு, சீட்டு எழுதிக் கட்டி, நோட்டில் இடமும் அகலமும் பதிய வேண்டும். இருபத்தாறு வருடம் செய்தேன். என் நோட்டை மேலே ஆபீசில் எதிரே உட்கார்ந்து ஒருவர் சரிபார்ப்பார். அவர் எழுதுவதை நான் தலைகீழாகவே படித்துவிடுவேன். எங்களில் சிலர் தூரத்துச் சுரங்க லெவலுக்குப் போகாமல், ஆள் இறங்குகிற ஷாஃப்ட் பக்கத்திலேயே உட்கார்ந்து போன மாதத்து எண்களைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி எழுதுவார்கள். 'உட்கார்ந்த சாம்பிள்' என்று அதற்குப் பெயர். நான் ஒன்றுகூட அப்படி எழுதியதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே ஓய்வு பெற்றேன். அந்தத் தூளைத்தான் என் வலது நெஞ்சு வைத்திருக்கிறது. அதன்மேல் ஒருமுறை டிபியும் வந்து போனது.

இடது பக்கம் ஒன்றும் இல்லை. எந்தப் பிள்ளை வந்தாலும் கடைசியில் இதைத்தான் எழுதும். அந்த வரியைப் படித்தால் எனக்கு ஒரு நிம்மதி. வலது போனது போகட்டும், இடதை வைத்து வண்டி ஓடுகிறது.

போன தீபாவளிக்குப் பிறகு வண்டி தடுமாறத் தொடங்கியது.

மகன் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவன். காலையில் அவனோடு ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு நான் திரும்பி வருவேன். ஸ்டேஷன் வாசலிலிருந்து எங்கள் வீட்டுப் படிவரை நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. நடுவில் தண்ணீர்த் தொட்டி அருகே ஒருமுறை நிற்பேன். அது பல வருடக் கணக்கு. பொங்கலுக்கு இரண்டு தடவை நின்றேன். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நான்கு தடவை. எட்டும் நானூற்று ஐம்பதைத் தாண்டியது, அடி குறுகிவிட்டது என்று அர்த்தம். உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிடத்துக்குப் பதினெட்டு மூச்சு விட்டவன் இருபத்தாறு விட்டேன். படுத்தால் இடப்பக்கம் ஒருக்களித்தால் மட்டும்தான் நிம்மதி. எங்கள் கட்டிலில் இடப்பக்கம் என்றால் சுவர்.

"நாப்பத்தெட்டு வருசம் கழிச்சு இப்பத்தான் எனக்கு முதுகைக் காட்டணும்னு தோணிச்சா?" என்றாள் மனைவி.

"சுவரு ஜில்லுனு இருக்குது."

"தை மாசத்துல ஜில்லுனு இருக்கிறதுக்குச் சுவரு வேணுமா?"

அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வயது என்றும் பனி என்றும் எனக்கே சொல்லிக்கொண்டேன். சொன்னால் எக்ஸ்ரே எடு என்பார்கள். இடது பக்கத்தில் ஏதாவது வந்துவிட்டால் எனக்கு வேறு பக்கம் கிடையாது. அதோடு, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, பரீட்சையும் வந்துகொண்டிருந்தது. புதிதாக ஏதாவது வந்திருந்தால் என்னைக் கேஸாக எடுக்கமாட்டார்கள். என் நெஞ்சு பதிலெழுதி முடித்த நெஞ்சு. அதை மாற்றி எழுத எனக்கு மனமில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் வேன் வந்து எங்களைக் கூட்டிப்போனது. மேற்படிப்பு படிக்கிற இளம் டாக்டர் ஒருவர் எங்களைச் சரிபார்த்து விடையை எழுத வேண்டும். அன்று அவருக்கு இருபத்திரண்டு கேஸ். பல நாள் தூங்காத முகம். என் போன வருடத்துத் தாளைப் பார்த்தார். குழாயை இரண்டு இடத்தில் வைத்தார். இரண்டும் வலது பக்கம்.

"அப்படியேதானே இருக்கு தாத்தா? புதுசா ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல சார்."

அவர் பார்த்து எழுதினார். வரிக்கு வரி போன வருடத்துத் தாள். கடைசி வரியில் இடது பக்கம் இயல்பு. உட்கார்ந்த சாம்பிள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவரைத்தான் சொன்னேன். அவரிடம் 'ஒண்ணும் இல்ல' என்று சொன்னவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இரவு வீட்டுக்குப் போய், மறுநாள் காலையில் மறுபடி வேனில் வந்த எங்களைக் கட்டில்களில் வரிசையாக உட்காரவைத்தார்கள். எனக்குப் பக்கத்துக் கட்டில் பாலகாட்டுக்காரர், எங்கள் ஊர்ச் சுரங்கப் பகுதிகளில் ஒன்றான பாலகாட்டில் இருப்பவர். சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜ் கூண்டின் இன்ஜினை ஓட்டியவர். அவருக்கு மண்ணீரல் வீங்கி இடுப்புவரை வந்திருக்கிறது. எனக்கு முன்பிருந்தே பரீட்சைக்கு வருகிறவர்.

"இன்னா நைனா, இந்த வருசமாச்சும் ஒரு புள்ளையைப் பாஸ் பண்ண வுடுவியா?" என்றார்.

"நானா ஃபெயிலாக்குறேன்?"

"உன் நெஞ்சு ஆக்குது. என்னுது பாரு, கண்ணைக் கட்டிக்கினு தொட்டாலும் கைக்கு வரும்."

"வந்துமே போன வருசம் ஒருத்தன் கல்லீரல்னு எழுதலை?"

"எடது பக்கம் இருக்கிறதை வலது பக்கத்துல தேடுனான். அதுக்கு நான் இன்னா பண்றது, கவுந்து படுத்துக்கிறதா?" கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா, மூச்சு வாங்குது உனக்கு?"

"மாடி ஏறி வந்தேன்ல."

"நானும்தான் ஏறி வந்தேன்."

நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தேவையில்லாமல் குடித்தேன்.

எனக்கு வந்தது ஒரு பெண். குள்ளமாக இருந்தாள். வெள்ளைக் கோட்டின் கைகளை இரண்டு மடிப்பு மடித்திருந்தாள். பேர் சொல்லக்கூடாது என்பது விதி, நம்பர் மட்டும்தான்.

"நமஸ்காரம் தாத்தா. தமிழா, கன்னடாவா?"

"எது வேணும்னாலும் பேசலாம்மா. இங்கிலீஷும் புரியும்."

"அப்போ தமிழே பேசலாம். எங்க ஊரு பூதிகோட்டை. என் தமிழ் ஒரு மாதிரி இருக்கும், சிரிக்கக்கூடாது."

அவளுக்கு ஒரு மணி நேரம். அதற்குள் விசாரித்து, சோதித்து, எழுதி முடிக்க வேண்டும். சுவரில் கடிகாரம் இருந்தது. ஒன்பது பத்துக்குத் தொடங்கினாள்.

நான் வழக்கமாகச் சொல்வதை ஒப்பித்தேன். எத்தனை வருடம் வேலை, என்ன வேலை, எப்போது டிபி, எத்தனை மாதம் மாத்திரை, இருமல் எப்படி, சளி எப்படி. கேள்வி வருவதற்கு முன்பே பதில் போய்க்கொண்டிருந்தது. அவள் பேனாவை நிறுத்தினாள்.

"இதெல்லாம் பழசு தாத்தா. இன்னிக்கு என்ன கஷ்டம்?"

"அதேதாம்மா."

"மூச்சு?"

"இருக்கும். வயசாச்சில்ல."

"எந்தப் பக்கம் படுத்துப்பீங்க?"

முப்பத்தொரு பிள்ளைகள் கேட்காத கேள்வி. "எடது பக்கம்" என்று வாய் முந்திக்கொண்டது.

"எப்பவுமேவா? இல்ல இப்பத்திலேர்ந்தா?"

"எப்பவுமே" என்றேன்.

எழுதிக்கொண்டாள். 'எப்போதும்' என்று அவள் எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன். பொய் எழுத்தில் ஏறிவிட்டது. உட்கார்ந்திருந்த இடத்திலேயே எனக்குக் காது சுட்டது.

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். ஒரு நிமிடம் ஆனபிறகும் கையை விடவில்லை. பிடித்தது நாடியை, கண் இருந்தது என் வயிற்றில். மூச்சை எண்ணுகிறாள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடுவான், அதனால் நாடி பார்ப்பது போலப் பாசாங்கு செய்துகொண்டு எண்ண வேண்டும் என்று பாடம். பாடம் எல்லோருக்கும் உண்டு. எண்ணுகிறவர்கள் இல்லை. மற்றவர்கள் பதினாறு, பதினெட்டு என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவார்கள். நானும் அவளோடு சேர்ந்து எண்ணினேன். இருபத்தெட்டு. அவளும் இருபத்தெட்டு என்றே எழுதினாள். சரியாக எண்ணிவிட்டாளே என்று ஒரு சந்தோஷம். அடுத்த நொடியே கையை அவளிடமிருந்து இழுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூச்சுக்குழாயை மூன்று விரலால் தொட்டுப் பார்த்தாள். முன்பக்கம் வலது மேலே தட்டினாள். மந்தம் இருக்கும் இடத்தில் சரியாக நின்றாள். இதோடு எழுத உட்கார்ந்துவிட்டால் பாஸ். உதவி செய்வோம் என்று நினைத்தேன். நாங்கள் எல்லோரும் செய்வதுதான். பாலகாட்டுக்காரர் தன் மண்ணீரல் எத்தனை விரல் அகலம் என்பதுவரை சொல்லிக்கொடுப்பார்.

"டிரக்கியா ரைட்டும்மா" என்றேன் மெதுவாக. "ரைட் அப்பர். ஃபைப்ரோசிஸ். அவ்ளோதான், எழுதிக்கோ."

"சும்மா இருங்க தாத்தா. திரும்பி உக்காருங்க. கையை ரெண்டையும் முன்னாடி கட்டிக்கோங்க."

முதுகில் தட்டத் தொடங்கினாள். ஒரு பக்கம் தட்டி, அதே உயரத்தில் மறுபக்கம். தட்டுகிற சத்தம் தட்டப்படுகிறவனுக்கு எலும்பு வழியாகவும் கேட்கும். வலது, இடது. வலது, இடது. மூன்று படி கீழே வரும்வரை இடது பக்கம் காலிப்பெட்டி போல் ஒலித்தது. அது நல்ல சத்தம், காற்று இருக்கிறது. நான்காவது இடத்தில் சத்தம் நின்றுவிட்டது. சுவரில் தட்டியது போல இருந்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சுரங்கத்தில் புது இடத்துக்குப் போனால் முதலில் தலைக்கு மேலே உள்ள பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றோ கல்லாகவோ ஒலித்தால் பாறை கெட்டி, உள்ளே போகலாம். தகரத்தில் தட்டியது போல ஒலித்தால் உள்ளே இடைவெளி, எந்நேரமும் விழும். அங்கே கல்லாக ஒலித்தால் பிழைத்தோம். நெஞ்சில் அது நேர்மாறு. இருபத்தாறு வருடம் எந்தச் சத்தத்தைக் கேட்டால் தைரியமாக உள்ளே நடந்தேனோ, அது என் முதுகில் இடப்பக்கம் கீழே இருந்து வந்தது.

அவள் மறுபடி தட்டினாள். மேலிருந்து வந்தாள், பக்கவாட்டிலிருந்து வந்தாள். தோலில் பேனாவால் ஒரு கோடு போட்டதை உணர்ந்தேன். குழாயை வைத்து, "தொண்ணூத்தொம்போது சொல்லுங்க" என்றாள். சொன்னேன். கீழே நகர்த்தி, "ஜோரா சொல்லுங்க." சத்தமாகச் சொன்னேன். இன்னும் கீழே. குழாய் வைத்த இடங்கள் மட்டும் இருபத்திரண்டு.

உட்கார்ந்து எழுதினாள். 'இடது கீழ்ப்பகுதி, ஸ்டோனி டல். மூச்சொலி இல்லை.' அதன் கீழே, 'இடது நுரையீரல் உறையில் நீர்' என்பதற்கு அவர்கள் எழுதும் வார்த்தை.

"அம்மா, தப்பா எழுதுறே" என்றேன்.

"எது தாத்தா?"

"எடது பக்கம். அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. ஆறு வருசமா ஒண்ணும் இல்ல. ஃபைல்ல அப்படித்தான் இருக்குது. முந்தாநேத்து, இல்ல, நேத்து, நான் பார்த்தேன். அடிச்சிட்டு எழுது. இன்னும் எட்டு நிமிசம் இருக்குது உனக்கு."

அவள் என்னையே பார்த்தாள். கோபமில்லை, கொஞ்சம் பயம் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் பாலகாட்டுக்காரர் தன் வயிற்றைத் தட்டுகிற பையனை மறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் நான் தட்டலியே தாத்தா" என்றாள். அடிக்கவில்லை.

அந்த எட்டு நிமிடம் எனக்கு என்னவெல்லாம் ஓடியது என்று வரிசையாகச் சொல்ல முடியாது. அவள் தவறு செய்திருந்தால் ஃபெயிலாவாள், என் இடது பக்கம் பிழைத்தது. அவள் சரியாக இருந்தால் பாஸாவாள். எனக்கு எது வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதிலை இங்கே எழுத வேண்டியதில்லை. எழுதாமல் விட்டால் அதுவும் உட்கார்ந்த சாம்பிள்தான். அவள் ஃபெயிலாக வேண்டும் என்று நினைத்தேன். அரை நிமிடம், அதற்கு மேல் இருக்கும்.

பரீட்சகர்கள் நான்கு பேர். இரண்டு பேர் அதே கல்லூரி, இரண்டு பேர் வெளியூர். வெளியூர்க்காரர்களில் ஒருவர் தலை முழுக்க நரைத்த அம்மாள். பேச்செல்லாம் இங்கிலீஷில். அந்தப் பெண் நின்றுகொண்டு சொன்னாள். வலது பக்கம் முழுவதும் சரியாகச் சொன்னாள். பிறகு இடது பக்கம்.

கல்லூரிக்காரர்களில் ஒருவர் ஃபைலைத் திறந்தார். "இங்கே அப்படி எதுவும் இல்லையே. மூச்சுக்குழாய் வலப்பக்கம் சாய்ந்ததற்குக் காரணம்தான் நீயே சொல்லிவிட்டாயே, வலது மேலே தழும்பு. இடது பக்கம் எதற்கு?"

"இடது பக்கம் தண்ணீர் இருந்தாலும் அது வலப்பக்கம்தான் தள்ளும் சார். இரண்டும் ஒரே திசை. அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது."

"மாற்றிச் சொல்ல வேண்டுமானால் இப்போது சொல்லலாம்."

ஒன்று, இரண்டு, மூன்று. என் மூச்சைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவது மூச்சில் அவள், "எனக்குக் கேட்டதை எழுதியிருக்கிறேன் சார்" என்றாள்.

நரைத்த அம்மாள் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டார். என் பின்னால் வந்தார். விரல் ஐஸாக இருந்தது. வலது மூன்று, இடது மூன்று. பிறகு இடது மட்டும், மெதுவாகக் கீழே. பேனாக்கோட்டில் நின்றார். முன்னால் வந்து ஃபைலில் மூச்சு எண்ணிக்கை எழுதியிருந்த இடத்தைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னார்.

"தாத்தா, மேடம் கேக்குறாங்க. மூச்சு எப்பத்திலேர்ந்து இப்படி வாங்குது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'எப்பவுமே' என்று இன்னொருமுறை சொல்லியிருக்கலாம். அவள் தாளில் ஏற்கனவே அப்படித்தான் இருந்தது. அவளும் பேனாவோடு காத்திருந்தாள். அவள் எழுதியதில் ஒரே ஒரு வரிதான் பொய். அது நான் கொடுத்தது.

"தீபாவளிக்கு அப்புறம்" என்றேன். "ஸ்டேஷன்லேருந்து வீடு நானூத்திப் பன்னெண்டு எட்டு. ஒரு தபா நிப்பேன். பொங்கலுக்கு ரெண்டு. இப்ப நாலு. மூச்சு பதினெட்டு இருந்திச்சு, இருபத்தாறு ஆச்சு, இன்னிக்கு இருபத்தெட்டு. எடது பக்கமா படுக்கிறதும் தீபாவளிக்கு அப்புறம்தான். எப்பவுமேன்னு சொன்னது பொய். அதை அடிச்சிடு."

அவள் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொன்னாள். நான்கு தடவை என்று சொன்னபோது இடைமறித்தேன்.

"அஞ்சு. இன்னிக்குக் காலையில வேனுக்கு வர்றதுக்குள்ள அஞ்சு."

"ஃபைவ்" என்று திருத்தினாள்.

நரைத்த அம்மாள் தலையசைத்தார். அவளிடம் "நீ போகலாம்" என்றார், அவ்வளவுதான். பாஸா ஃபெயிலா என்று அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஃபைலை மூடிக் கல்லூரிக்காரர் கையில் கொடுத்து, "முதலில் எக்ஸ்ரே, அப்புறம் பரீட்சை" என்றார்.

என்னை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகும்போது பாலகாட்டுக்காரர், "அப்பவே சொன்னேன், மாடி ஏறினதுக்கு இம்மாம் மூச்சு ஆவாதுன்னு" என்றார். சக்கர நாற்காலியை அவர் கட்டிலைத் தாண்டித் தள்ளும்போது கையை எட்டி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அன்றைக்கு என்னைத் தட்டியவர்களில் பதில் எதிர்பார்க்காமல் தட்டியது அவர் ஒருவர்தான்.

எக்ஸ்ரேயில் இடது பக்கம் பாதிக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. அன்று வீட்டுக்கு விடவில்லை. மனைவி மகனோடு வந்தாள். விஷயம் கேட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

"மூச்சை எண்ணத் தெரிஞ்ச மனுசனுக்கு வாயைத் தெறக்கத் தெரியலையா?" என்றாள்.

"பயமா இருந்திச்சு."

"எனக்கு மட்டும் இன்னா, அந்த முதுகைப் பார்த்துக்கினு படுத்திருந்தப்ப நல்லா இருந்திச்சா?"

மறுநாள் என்னை ஒரு மேஜைமேல் குனியவைத்து முதுகில் ஊசி குத்தித் தண்ணீரை எடுத்தார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீரின் நிறம். பாட்டிலில் கோடு கோடாக அளவு இருந்தது, நான் திரும்பிப் பார்க்கக்கூடாது என்றார்கள். நர்ஸைக் கேட்டேன். ஆயிரத்து நூற்றைம்பது மில்லி. ஒரு லிட்டருக்கு மேலான தண்ணீரைச் சுமந்துகொண்டு அந்தப் பெண்ணிடம் ஒண்ணும் இல்ல என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றா, டிபியா என்பது ரிசல்ட்டில் தெரியும் என்றார்கள். ஆறு நாள். அந்த ஆறு நாளில் நான் எண்ணாதது எதுவுமில்லை. வார்டில் பதினெட்டுக் கட்டில், ஒன்பது மின்விசிறி, அதில் இரண்டு சுற்றாது. ஜன்னல் கம்பிகள். டாக்டர் என் கட்டிலைக் கடக்கும்போது என்னைப் பார்த்த தடவை, பார்க்காத தடவை. பார்க்காவிட்டால் கெட்ட செய்தி என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். பிறகு, பார்த்தால்தான் கெட்ட செய்தி என்று மாற்றினேன். நடுவில் வேன் டிரைவர் ஒருநாள் எட்டிப்பார்த்தார். அவரிடம் அந்தப் பெண்ணின் நம்பரைச் சொல்லி விசாரிக்கச் சொன்னேன்.

"நம்பர் எல்லாம் எனக்குத் தெரியாது பெரியவரே. அன்னிக்கு அந்த வார்டுல எழுதுன பேட்ச்ல ரெண்டு பேர்தான் ஃபெயிலாம். ரெண்டும் பசங்க."

ஏழாம் நாள் ரிசல்ட் வந்தது. டிபி. அதே பழைய டிபி, இடம் மாறி வந்திருக்கிறது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேவலாம்" என்றாள். டிபி என்று கேட்டு எங்கள் வீட்டில் யாரும் தேவலாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆறு மாதம் மாத்திரை. எத்தனை என்று கணக்குப் போடத் தொடங்கியவன், அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டிஸ்சார்ஜ் தாள் எழுத ஒரு இளம் டாக்டர் வந்தார். பரீட்சை முடித்துப் பயிற்சியில் இருக்கிறவர். கட்டில் காலடியில் நின்றபடியே எழுதினார். மருந்து, தேதி, திரும்ப வரவேண்டிய நாள். பிறகு உடல் சோதனை என்ற இடம். என்னை நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார். தலைகீழாகப் படித்தேன். மூச்சு பதினாறு. இரண்டு பக்கமும் மூச்சொலி சமம்.

நான் சட்டைப் பித்தானைக் கழற்றத் தொடங்கினேன்.

"இன்னா பண்றீங்க?" என்றாள் மனைவி. "வேன் நிக்குது."

"என்னாச்சு தாத்தா?" என்றார் டாக்டர்.

"தட்டிட்டு எழுதுங்க சார்."

"காலையில ரவுண்ட்ஸ்ல பெரிய டாக்டர் பார்த்தாரே. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அவரு பார்த்தாரு. எழுதுறது நீங்க. மூச்சு இருபத்தி ரெண்டு சார், பதினாறு இல்ல. முதுகுல எட்டு எடம், ஒரு நிமிசம்தான் ஆவும்."

சிரித்துவிட்டார். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். நான் திரும்பி உட்கார்ந்து, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டினேன். வேறு வழியில்லாமல் அட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு அவர் தட்டத் தொடங்கினார். முதலில் அவசரமாக. வலது, இடது. வலது, இடது. இடதில் காலிப்பெட்டிச் சத்தம். மூன்றாவது படியில் வலது, இடது. அதுவும் காலிப்பெட்டிதான். போன வாரம் சுவராக இருந்த இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தோம். மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்தாள்.

நான்காவது படியில் இடதில் தொடங்கினார். ஏழாவது இடம், இடது பக்கம் கீழே. அங்கே விரல் நின்றது. மறுபடி தட்டினார், இந்தத் தடவை மெதுவாக. ஒரு படி மேலே போய் ஒப்பிட்டார். திரும்பி வந்தார்.

"இங்க இன்னும் கொஞ்சம் டல்லா இருக்கு தாத்தா" என்றார். குரல் மாறியிருந்தது. "நீர் முழுசா வத்தலை. பயப்பட வேண்டாம், மாத்திரையிலே குறையும். ஆனா இருக்கு."

"அதை எழுதுங்க. முதல்ல எழுதினதைக் கோடு போட்டு அடிச்சிட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

அட்டையை எடுத்தார். பேனா கீறுகிற சத்தம் கேட்டது. சட்டையை எடுத்து நீட்டினாள் மனைவி. நான் வாங்கவில்லை. எட்டில் இன்னும் ஓர் இடம், வலது பக்கம் கீழே, பாக்கி இருந்தது.